796 சிசி - பழைய மாருதி என்ஜினும் பத்தாயிரம் ரூபாயும்

மாருதி 800-ன்னு சொன்னாலே சிரிக்கிற கூட்டம் ஒண்ணு எங்க கிளாஸ்ல இருக்கு. தீப்பெட்டி, சோப்பு டப்பான்னு ஆளுக்கொரு பேரு வெச்சிருக்கானுங்க. சிரிக்கிறவன்ல பாதிப்பேர் அந்த வண்டியிலதான் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கே போயிருப்பான், அது வேற விஷயம்!

எங்க சித்தப்பாகிட்ட ஒண்ணு இருக்கு. 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி. 2021ல ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, 2026ல மறுபடி புதுப்பிக்கணும். அதை எடைக்குப் போடுறதா, வெச்சுக்கறதான்னு வீட்டுல ஒரே பஞ்சாயத்து. வெச்சுக்கணும்ங்கறது என் கட்சி. பி.காம் படிக்கிற பயலுக்கு என்ஜினைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. கணக்கு தெரியும். போதாததுக்கு ரெண்டு வருஷமா லீவு நாள் எல்லாம் மெக்கானிக் அண்ணன் பட்டறையில ஸ்பேனர் எடுத்துக் குடுத்த அனுபவம் இருக்கு.

முதல்ல கொஞ்சம் ஜாதகம். 1983 டிசம்பர் 14ல இந்திரா காந்தி கையால முதல் வண்டியோட சாவியைக் கொடுத்தாங்க. 1986ல பாடி மாறுச்சு. 2014 ஜனவரியில தயாரிப்பு நின்னுச்சு. நடுவுல 25 லட்சத்துக்கும் மேல வித்திருக்கு. உள்ள இருக்குற சுசுகி என்ஜினுக்குப் பேரு எஃப்8பி. மூணு சிலிண்டர். துளையோட விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் 72 மி.மீ. ஸ்கூல்ல படிச்ச பை ஆர் ஸ்கொயர் ஹெச் போட்டு மூணால பெருக்கிப் பாருங்க, 796 கன சென்டிமீட்டர் வரும். கம்பெனி ஏமாத்தலை :-)

5000 ஆர்.பி.எம்.ல 37 குதிரை சக்தி. இன்னிக்கு ராயல் என்ஃபீல்டு 650 பைக்கே 47 குதிரை தருது. ஆனா மாருதியோட மொத்த எடையே 650 கிலோ சுமார்தான். அதோட முழு இழுவையும் 2500 ஆர்.பி.எம்.லயே கிடைச்சிடும். அதனாலதான் நாலு பேர் ஏறினாலும் ரவுண்ட் ரோட்டுல முக்காம நகருது.

"ஐடில்ல வண்டி ஆடுதுப்பா, என்ஜின் போச்சு"ன்னு சொல்லி அடிமாட்டு விலைக்கு வித்தவங்களை எனக்குத் தெரியும். நாலு சிலிண்டர் வண்டியில கிராங்க் 180 டிகிரி சுத்தினா ஒரு தடவை வெடிக்கும், இதுல 240 டிகிரிக்கு ஒரு தடவைதான். அதனால பிறவியிலேயே கொஞ்சம் ஆட்டம் உண்டு. அதுக்கு மேல ஆடுச்சுன்னா மொதல்ல என்ஜின் மவுண்ட் ரப்பரைப் பாருங்க. சில நூறு ரூபா சமாச்சாரம்.

நிஜமாவே இந்த என்ஜினைக் கொல்றது சூடு. அதுலயும் நம்ம ஊர்ல, தண்ணி. திண்டுக்கல் போர் தண்ணியைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குத்தான் சொல்லணும். பாத்திரம், குழாய், ஹீட்டர் காயில், எல்லாத்துலயும் வெள்ளையா உப்பு படியும். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தனி. அந்தத் தண்ணியைத்தான் நம்ம ஆளுங்க பிளாஸ்டிக் பாட்டில்ல பிடிச்சு ரேடியேட்டர்ல ஊத்துறாங்க! டீக்கடை பாய்லர் உள்பக்கம் எப்படி சுண்ணாம்பு ஏறுமோ, அப்படியே ரேடியேட்டரோட மெல்லிசு டியூப்ல ஏறும். நாலஞ்சு வருஷத்துல பாதி டியூப் அடைஞ்சிடும். பைபாஸ்ல போறப்ப காத்து அடிக்கறதால ஒண்ணும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு டிராபிக்ல நின்னாலோ, சிறுமலையோட 18 கொண்டை ஊசி வளைவை ரெண்டாவது கியர்ல ஏறினாலோ தெரிஞ்சிடும்.

ரேடியேட்டர் ஃபேன் கரண்ட்ல ஓடுறது. சூடு ஏறினதும் அதைப் போட்டு விடுறதுக்கு ஒரு சின்ன தெர்மோ ஸ்விட்ச் இருக்கு. அது செத்துட்டா ஃபேன் சுத்தாது, முள்ளு சிவப்புக்குப் போகும். ஹெட் அலுமினியம், கொதிச்சா வளையும். ஹெட் கேஸ்கட் போயிடும். அப்புறம் தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கி சைலன்சர்ல வெள்ளைப் புகை, ஆயில் குச்சியை உருவினா டீயில பால் ஊத்தின கலர். ஹெட்டைக் கழட்டி லேத்துல குடுத்து சமம் பண்ணி மாட்டணும். இத்தனைக்கும் காரணம் கூலன்ட்டுக்கு சில நூறு ரூபா செலவு பண்ண மனசு வராதது. கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் பாதி கலந்து ஊத்தினா முடிஞ்சுது. (சூடா இருக்கறப்ப மூடியைத் திறக்காதீங்க சாமி, உள்ள அழுத்தத்துல இருக்கும், மூஞ்சியில அடிக்கும்.)

இன்னொரு கொடுமை, தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறியறது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு தம்பி"ன்னு ஒரு பட்டறையில கழட்டிட்டு அதுக்கும் கூலி வாங்கினாங்க. அது இல்லன்னா என்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும். அதுவரைக்கும் பெட்ரோல் கூடுதலாக் குடிக்கும், ஆயில் கெடும். சூடு ஏறுதுன்னா அடைப்பை எடுக்கணும், வால்வை எடுக்கக் கூடாது. ஜுரம் வந்தா தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம் இது.

மத்ததெல்லாம் சில்லறை. காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் கொஞ்சம் நீலப்புகைன்னா பெரும்பாலும் வால்வ் சீல். ஓட ஓட நீலப்புகைன்னா பிஸ்டன் ரிங் தேய்மானம், பர்ஸைத் தயார் பண்ணிக்கோங்க. கறுப்புன்னா கார்புரேட்டர் ட்யூனிங், இல்லாட்டி சோக்கை உள்ள தள்ள மறந்திருப்பீங்க. டக் டக்னு டேப்பெட் சத்தம் வந்தா ஃபீலர் கேஜ் வெச்சு அரை மணி நேர வேலை. டைமிங் பெல்ட் மட்டும் சொல்லாம அறும். எப்ப மாத்தினதுன்னு தெரியாத வண்டியை வாங்கினா மொதல் வேலையா அதை மாத்திடுங்க. இதே என்ஜின் ஆம்னியிலயும் ஓடினதால ஸ்பேருக்குப் பஞ்சமில்லை.

இப்ப புதுத் தலைவலி, எத்தனால். 2022ல பெட்ரோல்ல பத்து சதவீதம் கலந்தாங்க, 2025ல இருபது ஆச்சு. எத்தனாலோட சக்தி பெட்ரோல்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான். அப்ப இருபது சதவீதம் கலந்தா ஆறேழு சதவீதம் சக்தி குறையும். லிட்டருக்கு 16 குடுத்த வண்டி 15 குடுக்கும். வருஷத்துக்கு 4000 கிலோமீட்டர் ஓட்டினா 17 லிட்டர் கூடுதல், அதாவது 1700 ரூபாய்க்கு மேல. அதைக்கூடத் தாங்கிக்கலாம். புது வண்டியில சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கும். கார்புரேட்டருக்குக் கண்ணு கிடையாது, எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கறதால கலவை மெலிஞ்சு போகும். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃபிரம் எல்லாம் ஊறி உப்பிடும். ஈரத்தை உறிஞ்சறதால இரும்பு டேங்க் துருப்பிடிக்கும். அந்தத் துரு ஜெட்டை அடைக்கும். சித்தப்பா வண்டிக்கு ஹோஸ் எல்லாம் மாத்தி, ஃபில்டர் போட்டு, ஜெட்டை சரி பண்ணியாச்சு, ஓடுது. எத்தனால் வேணாம்னு நான் சொல்லலை, கரும்பு விவசாயிக்குக் காசு வருது. பழைய வண்டிக்காரனுக்குப் பங்குல இன்னொரு குழாய்ல கம்மியா கலந்ததையும் வையுங்கன்னுதான் கேக்கறேன்.

அடுத்தது அந்தப் பத்தாயிரம். கார் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000. பசுமை வரி தனி. காயலான் கடைக்காரர் சித்தப்பா வண்டிக்கு 18,000 சொன்னார். அதாவது வண்டி விலையில பாதிக்கு மேல கட்டணமாவே போகுது! பழைய வண்டிக்குப் புகை அதிகம்ங்கறது உண்மை, மறுக்கலை. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, அதுவும் உண்மை. எங்க வீட்டுலயே இதை மதுரை நாலுவழிச் சாலைக்கு எடுக்கக் கூடாதுன்னு சட்டம். ஆனா வருஷத்துக்கு 4000 கிலோமீட்டர் உள்ளூர்ல ஓடுற வண்டியும், 40,000 ஓடுற வண்டியும் ஒரே கட்டணம் கட்டணும்ங்கறது எந்த ஊர் நியாயம்? புகையை அளந்து காசு வாங்குங்க. பாஸானா குறைச்சு, ஃபெயிலானா கூட்டி. மெஷின்தான் இருக்கே.

கடைசியா கணக்கு. அஞ்சு வருஷத்துக்குக் கட்டணம் 10,000, எத்தனால் நஷ்டம் 8,500, ரிப்பேர், டயர், பேட்டரின்னு தாராளமா 60,000 வையுங்க. இன்சூரன்ஸும் வரியும் சேர்த்தாலும் ஒரு லட்சம் சுமாருக்குள்ள முடியும். புதுக் கார் வாங்கினா முதல் வருஷத் தேய்மானம் மட்டுமே அந்தத் தொகையை நெருங்கிடும். இதைப் பேப்பர்ல எழுதி சித்தப்பா கையில குடுத்தேன். அவர் பாதி சரின்னுட்டார். சித்திதான் ஏ.சி. வேணும்ங்கறாங்க. அதுக்கு என் கணக்குல பதில் இல்லை.