நாக்கு நுனியில் நூறு வார்த்தை!

‘அட, பேரு நாக்கு நுனியிலதான் நிக்குது... வரமாட்டேங்குது!’ன்னு தவிச்சிருக்கீங்கதானே? பேசுற ஒவ்வொரு வார்த்தைக்கும் இதே தவிப்புன்னா எப்படி இருக்கும்? அதுக்குப் பேர்தான் அஃபேசியா. பக்கவாதம் மூளையின் மொழிப் பகுதியைத் தாக்கினால் வரும் சிக்கல். புத்தியில் குறை இல்லை பாஸ், வார்த்தைதான் கைக்குச் சிக்காது!

இதுக்குக் கம்ப்யூட்டர் கைகொடுக்குமா? பிரிட்டனில் 278 பேரை வைத்து ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு நடத்திய ‘பிக் காக்டஸ்’ ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே பயிற்சி. அவங்கவங்களுக்குத் தேவையான 100 வார்த்தைகளை தெரபிஸ்ட் சாஃப்ட்வேரில் ஏற்றித் தருவார். ஆறு மாசம், தினமும் படத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகணும்.

ரிசல்ட்? பழகின வார்த்தைகள் நல்லாவே திரும்பி வந்தன. ஆனா, சாதாரணப் பேச்சில் முன்னேற்றம் தெரியலை!

அங்கேதான் நீங்க வர்றீங்க. உங்க வீட்டுல, தெருவுல இப்படி ஒருத்தர் இருந்தா, அவர் பேச்சை நீங்க முந்திக்கிட்டு முடிக்காதீங்க. கத்தியும் பேசாதீங்க, பிரச்னை காதில் இல்லை. செல்போனைக் கீழே வெச்சுட்டு, கொஞ்சம் காத்திருங்க. அந்த வார்த்தை வரட்டும்!