உயிர் காக்க ஒரு சாண் இடம்!

மோட்டார் சைக்கிளில் வெளியூருக்குப் புறப்படுகிறார் ஒருவர். வண்டியின் இரு பக்கமும் பெட்டி. பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பை. எல்லாவற்றிலும் துணிமணி! தின்பண்டம்! அப்படியும் ஒரு மூலையில் கொஞ்சம் இடம் மிச்சம். அதில் இன்னொரு சட்டையைத் திணிக்கிறார்.

இது சரியா? சரியே அல்ல! மிச்சம் இருக்கும் அந்த ஒரு சாண் இடம், ஆபத்துக்கு உதவ வேண்டிய இடம்.

பழைய புல்லட்

சென்னையில் 1955-ம் ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிள் வேலை தொடங்கியது. பழைய புல்லட்டின் பக்கவாட்டில் சிறிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே ஸ்பானர், திருப்புளி. நடுவழியில் வண்டி நின்றால் அதுதான் துணை.

இன்றும் அந்த வழக்கம் வேண்டும். ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பிளக், பஞ்சர் ஒட்டும் சாமான். இவை வண்டிக்கு மருந்து.

மனிதனுக்கு மருந்து எங்கே?

சுத்தமான துணிக்கட்டு, பஞ்சு, கத்தரிக்கோல். இவற்றைத் தண்ணீர் புகாத பையில் போட்டு வையுங்கள். பெயர், வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டும் அதில் இருக்கட்டும்.

காயத்தில் ரத்தம் கொட்டுகிறதா? சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை கையை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் பத்து சட்டைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவலாமா? ஆகவே மருந்துப் பை எப்போதும் மேலே இருக்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

பாரம் ஜாக்கிரதை!

கனமான சாமானைத் தாழ்வாக, நடுவில் வையுங்கள். இரு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். பின்கோடியில் பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகிவிடும், கைப்பிடி ஆடும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! அங்கே கைப்பிடி ஆடினால் என்ன ஆகும்? பாட்டிலில் பெட்ரோல் வைப்பதும் கூடவே கூடாது.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை புறப்படும்போது முறுக்கும் சீடையும் கட்டிக் கொடுக்கிறீர்கள். கொடுங்கள். அதற்கு முன், "மருந்துப் பை எங்கே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இடம் இல்லை என்றால் முறுக்கு வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளை திரும்பி வந்து சாப்பிடுவான்!