ஐசாவுக்கு வருஷா வருஷம் மொய்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் வந்த கடுப்பை இங்கே இறக்கி வைக்கலைன்னா தூக்கம் வராது, அதான் இந்தப் பதிவு. பிரிட்டன்ல இருக்கற பதிவர்களுக்கு உபயோகப்படலாம். மத்தவங்க வேடிக்கை பாருங்க :-)

விஷயம் ஐசா. 1999 ஏப்ரல்ல இங்கே வந்த வரியில்லாக் கணக்கு. வருஷத்துக்கு 20,000 பவுண்டு வரை போடலாம், 2017லேர்ந்து இதே வரம்புதான். உள்ளே வர்ற டிவிடெண்ட், பங்கு வித்த லாபம் எதுக்கும் வரி கிடையாது. வெளியே பங்கு வச்சிருந்தா, வரியில்லாத லாப வரம்பு 12,300லேர்ந்து 2023ல 6,000, 2024ல 3,000னு தேய்ஞ்சு போச்சு. அதனால எல்லாரும் ஐசாவுக்கு ஓடறோம். ஓடறது சரிதான். ஆனா வரிக்காரர் கை வைக்காத இடத்துல இன்னொருத்தர் கை வைக்கிறார், அதைத்தான் யாரும் கவனிக்கிறதில்லை. நம்ம கணக்கை வச்சிருக்கற முதலீட்டுத் தளத்தோட கட்டணம். ஃபண்டு நடத்தறவர் எடுக்கறது வேற, இது அதுக்கு மேல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். முன்னெல்லாம் இந்தக் காசு கண்ணுக்கே தெரியாது. ஃபண்டு கம்பெனி வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் எடுக்கும், அதுல கால் சதவீதம் போலத் தளத்துக்கும், அரை சதவீதம் ஆலோசகருக்கும் பின்வாசல் வழியாப் போகும். புது முதலீடுகளுக்கு 2014 ஏப்ரல்லயும், பழசுக்கு 2016 ஏப்ரல்லயும் தளங்களுக்குப் போற அந்தப் பின்வாசலை அடைச்சாங்க. அப்புறம்தான் தளங்கள் நம்மகிட்ட நேரா பில் போட ஆரம்பிச்சது.

நான் ஆரம்பிச்ச இடத்துல 0.4 சதவீதம். முதல் வருஷம் 5,000 பவுண்டு போட்டேன், கட்டணம் 20 பவுண்டு. ரெண்டு பீட்ஸா காசு, போகட்டும்னு விட்டேன். மாசாமாசம் போட்டுப் போட்டு, சந்தையும் தூக்கி விட்டதுல இப்போ 70,000 ஆச்சு. கட்டணம் 280 பவுண்டு! பணம் 14 மடங்கு ஆச்சு, சந்தோஷம். அவங்க வேலை 14 மடங்கு ஆச்சா? அதே கடவுச்சொல், அதே பக்கம், அதே ஒரே ஒரு ஃபண்டு. இதுல கொடுமை என்னன்னா, காசை பாங்க்லேர்ந்து எடுக்கலை. மாசாமாசம் என் ஃபண்டுலயே கொஞ்சம் யூனிட்டை வித்து எடுத்துக்கிட்டாங்க. வலிக்கவே இல்லை. வருஷக் கட்டணத்தைப் பவுண்டு கணக்குலயும் காட்டணும்னு 2018 ஜனவரிலேர்ந்து விதி இருக்கு. அந்தக் கடிதமும் வருஷா வருஷம் மெயில்ல வந்திருக்கு. நான்தான் திறந்து பார்க்கலை. ஹி ஹி.

மாசம் 10 பவுண்டுன்னு நிலையான கட்டணம் வாங்கற இடம் இருக்கு. வருஷத்துக்கு 120. ‘சதவீதக் கட்டணம் பகல் கொள்ளை, எல்லாரும் மாறுங்க’ன்னு பதிவுக்குத் தலைப்பு கூட யோசிச்சுட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா வந்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, முதியோர் இல்லத்துல வேலை. விஷயத்தைச் சொன்னதும் போனை நீட்டினாங்க. "தம்பி, நான் மாசம் அம்பது பவுண்ஸ் போடுறன். அதில அஞ்சு பவுண்ஸ் அவங்கள் எடுக்கிறாங்கள். இது சரியே?"

அவங்க கணக்குல இருக்கறது 3,000 பவுண்டு. வருஷம் 60 கட்டினா 2 சதவீதம். கொள்ளைன்னு நான் குதிச்ச வீதத்தைப் போல அஞ்சு மடங்கு! நிலையான கட்டணம் என்னை மாதிரி ஆளுக்குத்தான் நியாயம், அக்காவுக்கு அது பெரிய அநியாயம். தலைப்பை அழிச்சேன்.

ஊரறிஞ்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. வான்கார்ட் 2017ல இங்கே நேரடியாக் கணக்கு திறந்து விட்டப்போ 0.15 சதவீதம், அதிகபட்சம் வருஷத்துக்கு 375 பவுண்டுன்னு வச்சாங்க. 2025 ஜனவரி கடைசிலேர்ந்து 32,000க்குக் கீழே இருந்தா மாசம் 4 பவுண்டுன்னு ஆக்கினாங்க. 5,000 வச்சிருந்தவருக்கு ஏழரை பவுண்டு 48 ஆச்சு. 50,000 வச்சிருந்தவருக்கு ஒரு பைசா ஏறலை. சின்னக் கணக்கை நடத்த செலவாகுதுங்கறது எனக்கும் புரியுது. ஆனா சேமிக்கப் பழகறவங்களை முதல் படியிலயே தட்டி விட்டா எப்படி?

என் கட்சி இதுதான்: சதவீதமா வாங்குங்க, ஆனா ஒரு உச்சவரம்பு வைங்க. சில தளங்கள்ல ஈ.டி.எஃப்புக்கு அப்படி வரம்பு இருக்கு, சாதா ஃபண்டுக்குக் கிடையாது. அதே இண்டெக்ஸ், அதே கம்பெனிப் பங்குகள், சட்டை மட்டும் வேற. ஏன் இந்தப் பாகுபாடு?

கட்டணமே இல்லைங்கற ஆப்களையும் முழுசா நம்பிடாதீங்க. அமெரிக்கப் பங்கு வாங்கினா டாலர் மாத்தறதுல எடுப்பாங்க, சும்மா கிடக்கற காசுக்கு வர்ற வட்டியில எடுப்பாங்க. வட்டியையும் வச்சுக்கிட்டு அதே காசுக்குக் கட்டணமும் வாங்கற வேலையை நிறுத்துங்கன்னு எஃப்.சி.ஏ. 2023 டிசம்பர்ல தளங்களுக்கெல்லாம் கடிதமே போட்டுச்சு.

மாறணும்னா பணத்தை மட்டும் வெளியே எடுத்துடாதீங்க. என் 70,000ஐ வெளியே எடுத்தா, வேற இடத்துல திரும்ப உள்ளே போட வருஷம் 20,000 கணக்குல நாலு வரி வருஷம் ஆகும். போக வேண்டிய இடத்துல மாற்றல் படிவம் கொடுத்தா அவங்களே இழுத்துக்குவாங்க. பங்கு ஐசாவுக்கு 30 நாள் கெடு. நான் கொடுத்தாச்சு, இன்னும் 22 நாள் பாக்கி.

அக்காவுக்குக் கால் சதவீதம் வாங்கற இடமாத் தேடிக் கொடுத்தேன். வருஷத்துக்கு ஏழரை பவுண்டு. "மிச்சக் காசில உங்களுக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தாறன்" எண்டு சொல்லியிருக்காங்க :-)

டிஸ்கி: நான் நிதி ஆலோசகர் இல்லை. உங்க தளத்தோட கட்டணத்தை இன்னிக்கே ஒரு தடவை பவுண்டுல கணக்கு போட்டுப் பார்த்துட்டு, எவ்வளவுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னை விட ஏமாந்தவங்க யாராவது இருந்தா மனசு ஆறும்.