ஹாட்போட்டும் நனைந்த தானியமும்

சென்ற மாரி காலத்தில் எங்கள் ஊர் ஆசிரியை ஒருவர், நான் விற்ற அலுமாரியின் பின்பலகைத் துண்டொன்றைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார். பாண் போல உப்பியிருந்தது. “ஹாட்போட் என்றுதானே தந்தீங்க நானா?” என்றார். உடைத்துப் பார்த்தேன். அது ஹாட்போட்டே அல்ல, மெல்லிய எம்.டி.எஃப். மொத்த வியாபாரி சொன்ன பெயரிலேயே நானும் விற்றிருக்கிறேன்.

மண்ணிறமான மெல்லிய பலகை எதையும் நாம் ஹாட்போட் என்கிறோம். உண்மையான ஹாட்போட்டின் செய்முறையை 1924இல் அமெரிக்காவின் மிஸ்ஸிசிப்பி மாநிலத்தில் வில்லியம் மேசன் என்பவர் கண்டுபிடித்தார். மர ஆலையில் கழிவாகும் துண்டுகளை மூடிய பாத்திரத்தில் கடும் நீராவி அழுத்தத்தில் வைத்துச் சடுதியாகத் திறந்துவிட்டால் மரம் நார்நாராகச் சிதறும். அந்த நாரை நீரில் கலந்து, கம்பி வலையில் பரப்பி, சூடான தட்டுகளுக்கிடையே நெரித்தால் பலகை. மரத்திலேயே உள்ள லிக்னின்தான் நார்களைப் பிணைக்கிறது. வலையின் தடம் பின்பக்கத்தில் பதிந்துவிடும். (தடமில்லாத ஹாட்போட்டும் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.) எம்.டி.எஃப் என்பது உலர்ந்த நாரில் செயற்கைப் பசை கலந்து அழுத்துவது. ஒரு கன மீற்றர் ஹாட்போட் 900 கிலோவுக்கு மேல் நிறுக்கும். எம்.டி.எஃப் பெரும்பாலும் 600 முதல் 800 வரைதான்.

லாச்சியின் அடிப்பலகை, படச் சட்டத்தின் பின்புறம், பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப்போட் எல்லாவற்றுக்கும் ஹாட்போட் அருமையான சாமான். ஆனால் அதற்கும் ஈரம் எதிரிதான். எண்ணெய் ஊட்டிச் சூடாக்கிய வகை கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதை வீட்டின் வெளிச்சுவருக்கு அடிக்க விற்றார்கள். மழையில் உப்பி உக்கியது. 1994இல் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட, 1998இல் நட்டஈடு கொடுக்கும் இணக்கத்தில் போய் முடிந்தது. அத்தனை பெரிய கம்பனிக்கே அந்த நிலை.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். இந்த ஹதீஸை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! தானியம், அரிசி விற்பவருக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டு பலகைக் கடையைத் திறக்கிறோம். “தெரியாமல் விற்றேன்” என்று நானும் சொல்லலாம். இருபது வருடம் பலகை விற்றவன் அப்படிச் சொல்வது எடுபடாது.

ஆசிரியைக்குப் புதிய பின்பலகை அடித்து, அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்துக் கொடுத்தேன். இப்போது பில்லில் பலகையின் சரியான பெயரை எழுதுகிறேன். எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்ட பிறகே வெட்டுகிறோம். குசினிக்கும் குளியலறைக்கும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். சிலர் அடுத்த கடைக்குப் போகத்தான் செய்கிறார்கள்.