புதுத் துப்பாக்கிக்குப் பழைய கணக்கு

சென்ற முறை கொலராடோவில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கே பார்த்த ஒரு விஷயம் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டால் பாரம் குறையும்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே அப்படியல்ல. அக்டோபர், நவம்பர் வந்தால் முறைப்படி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு எல்க் மான் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். சுட்டதன் இறைச்சியை வீணாக்குவது சட்டப்படி குற்றம்.

மகளின் பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் 31 வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் என்று மருமகன் சொன்னதும், என்னைத் தம் பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே தோட்டாவைத் தாமே தயாரிக்கிறார். சுட்ட பிறகு மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். அதைப் பொறுக்கி வந்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்துகிறார். மருந்தின் எடை கிரெய்ன் கணக்கு. நம் ஒரு சவரனில் 123 கிரெய்ன் அடங்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து நிறுக்கிறார். பொற்கொல்லர் தோற்றார், போங்கள்!

கடையில் வாங்குவதைவிட இது குறி தப்பாது என்றார். நானும் ஒத்துக்கொள்கிறேன். குறி தப்பினால் அந்த மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடிச் சாகும். ஆகவே அந்த அக்கறை நியாயமானதுதான்.

தவறு வேறு இடத்தில் நடந்தது. இருபது வருஷமாக வைத்திருந்த .308 துப்பாக்கி தேய்ந்துவிட்டது என்று, அதே அளவில் புதிது ஒன்று வாங்கியிருந்தார். பழையதற்காகத் தயாரித்து வைத்த தோட்டாக்களையே எடுத்துக்கொண்டு சுட்டுப் பழகக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

முதல் குண்டு சுட்டதும் போல்ட்டைத் தூக்கச் சிரமப்பட்டார். கீழே விழுந்த கூட்டை எடுத்துப் பார்த்தேன். பிரைமரின் ஓரம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. அழுத்தம் மிஞ்சியதற்கு அது ஓர் அடையாளம். "புதுசு இல்லையா, போகப் போக இளகிவிடும்" என்றார். விருந்தாளியாகப் போன இடத்தில் எதற்கு வாயைக் கொடுப்பது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். மூன்றாவது குண்டோடு போல்ட் இறுகிவிட்டது. ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. பிரைமரைச் சுற்றிக் கறுப்பாகப் புகைக்கறை. வாயு பின்பக்கம் கசிந்திருக்கிறது! கண்ணாடி போட்டிருந்தார், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 32, 33 பவுண்டு. .308 தோட்டா வெடிக்கும்போது அதே கணக்கில் 62,000 பவுண்டு வரை போகலாம் என்று அங்கே எல்லை வகுத்திருக்கிறார்கள். அவருடைய கணக்கோ புத்தகம் சொல்லும் உச்ச அளவை ஒட்டியது. பழைய குழலில் தொண்டைப் பகுதி தேய்ந்து இடம் விட்டிருந்ததால் அது தாங்கியது. புதியதில் அந்த இடம் இல்லை. குண்டின் மூக்கு குழலின் வரிப்பள்ளத்திலேயே முட்டி நின்றது. அப்படி நின்றால் அழுத்தம் எகிறும்.

தொழிற்சாலையில் நாங்கள் கேஜ் போட்டுப் பார்ப்போம். ஒன்று உள்ளே போக வேண்டும், மற்றொன்று போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எது இருந்தாலும் பாஸ்தான். அதனால் ஒரே நாளில் பாஸான இரண்டு துப்பாக்கிகள்கூட அச்சு அசல் ஒன்றாக இருக்காது. இருபது வருஷம் தேய்ந்ததும் நேற்று வாங்கியதும் எப்படி ஒன்றாகும்?

என் கருத்து இதுதான். கையால் தோட்டா தயாரிப்பது தவறில்லை. ஆனால் புதுத் துப்பாக்கியை முதலில் கம்பெனித் தோட்டாவால் சுட்டுப் பழக வேண்டும். பிறகு நோட்டில் அதற்கென்று புதுப் பக்கம் திறந்து, புத்தகம் சொல்லும் ஆரம்ப அளவிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மற்றவர் தயாரித்த தோட்டாவைத் தொடவே கூடாது. அனுபவசாலிக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் வேண்டும். புதிதாகக் கற்பவன் புத்தகத்தைப் பார்ப்பான். இருபது வருஷம் செய்தவன் எதற்குப் பார்க்கப் போகிறான்?

அன்று மாலை இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. மறுநாள் மீதியிருந்த 40 தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நோட்டு, புதுப் பக்கத்தில் திறந்திருந்தது.

எனக்கு உறுத்துவது அவர் செய்தது அல்ல. முதல் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவன் நான். 31 வருஷம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டதில் ஒரு மனிதரின் கண் போயிருக்கும். நம் வயதில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பேச வேண்டிய இடத்தில் பேசிவிடுங்கள். மனஸ்தாபம் வந்தால் இரண்டு நாளில் போய்விடும்.