சர்வேயரை மறிக்கிறம்; சர்வேயராக ஏன் போறதில்லை?

வடக்கில் எங்கேயாவது நில அளவைத் திணைக்களத்தின் வாகனம் வந்தால், சனம் செய்யும் முதல் வேலை ரோட்டுக்குக் குறுக்கே இருப்பதுதான். வட்டுவாகலிலும் மண்டைதீவிலும் கடற்படைக்குக் காணி சுவீகரிக்க அளக்க வந்தவர்களை மக்கள் மறித்தபோது நாங்களும் கைதட்டினோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து ஒரு எண்ணமும் எங்கட மண்டையில் பதிஞ்சு போச்சு: சர்வேயர் என்றால் எதிர்ப்பக்கத்து ஆள். உயர்தரத்தில் கணிதம் படிக்கிற எங்கட பிள்ளைகளிடம் என்னவாக விருப்பம் என்று கேட்டால் இஞ்சினியர் என்பார்கள், இல்லாட்டி ஐ.டி. என்பார்கள். நில அளவையாளர் என்று சொன்ன ஒருவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

சிலாவத்துறையில் இது விசித்திரம்தான். இங்க எங்கட பாதிப் பேச்சு காணியைப் பற்றியது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் ஊர்கள் வெறிச்சோடின. 2007இல் முள்ளிக்குளத்துத் தமிழ்ச் சனம் வெளியேறியது. வருசக்கணக்காகக் கழித்துத் திரும்பி வந்தால் வளவெல்லாம் பற்றைக்காடு. எல்லைக்கல்லைக் காணோம், வேலியையும் காணோம். "அந்தப் புளியமரத்துக்கு இங்கால எங்கட" என்று கைநீட்டிக் காட்டிய பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2017இல் முள்ளிக்குளத்திலும் 2018இல் சிலாவத்துறையிலும் கடற்படை வைத்திருக்கும் காணியைக் கேட்டு மக்கள் போராடினார்கள். அதே 2017இல் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் வந்தபோது மறிச்சுக்கட்டியில் சனம் நாட்கணக்காக இருந்தது. காட்டின் எல்லை எது, ஊரின் எல்லை எது என்பதுதான் அங்கே சண்டையே.

பதாகையில் "எங்கள் நிலம் எங்களுக்கு வேண்டும்" என்று எழுதுகிறோம். பிரதேச செயலகத்திலும் கோட்டிலும் கேட்பது வேறு. உறுதி இருக்கா, போமிற் இருக்கா, பிளான் இலக்கம் என்ன, எத்தனை ஏக்கர், ரூட், பேர்ச்? அந்த இடத்தில் எங்கட சத்தம் அடங்கிப் போகுது.

2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானியை நினைச்சுப் பாருங்கோ. வடக்கில் 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமையைக் காட்டாவிட்டால் அரச காணி. மன்னாரும் அதில் இருந்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிறகு அரசாங்கமும் அதை மீளப் பெற்றது. தப்பினோம். ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள் தன் காணிக்கு ஒழுங்கான வரைபடம் ஒன்றைக் காட்டக்கூடிய வீடு எங்கட ஊரில் எத்தனை?

இந்த வேலைக்குப் பாதை இல்லாமலும் இல்லை. கணிதப் பிரிவில் சித்தியடைந்தால் பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. நான்கு வருடம், ஆங்கிலத்தில். தியத்தலாவையில் 1967 முதல் திணைக்களத்தின் பயிற்சி நிறுவகம் இயங்குகிறது. அரச நில அளவையாளராகச் சேர்ந்தால் அத்தியட்சகர், பிரதி நில அளவையாளர் நாயகம் என்று படிப்படியாக ஏறலாம். தனியாகத் தொழில் செய்ய விரும்பினால் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டப்படி பதிவும் அனுமதியும் எடுக்க வேணும். உச்சிக்குத் தமிழர் போகாமலும் இல்லை. நில அளவையாளர் நாயகமாக இருந்த க. தவலிங்கம்தான் 2017இல் மாகாண சபைத் தொகுதிகளின் எல்லை நிர்ணயக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நாட்டின் தேர்தல் வரைபடத்தில் கோடு கீறும் மேசைக்கு ஒருவரைக் கொண்டுபோய் விட்டது இந்தத் தொழில்தான்.

"அளவை என்பது ஆளுகிறவனின் ஆயுதம்" என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்லுகிறார்கள். உண்மைதான். பக்கத்தில் அரிப்பில் கடல் தின்றுகொண்டிருக்கும் அல்லிராணிக் கோட்டை, முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகை. இலங்கையின் நில அளவைத் திணைக்களத்தை 1800இல் தொடங்கியதும் அவர்தான். மாளிகை இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. திணைக்களம் இன்றும் இருக்கிறது. ஆயுதம் என்று தெரிந்தபிறகும் அதைத் தொடாமல் இருந்தால் நட்டம் யாருக்கு?

இன்னொரு கேள்வி இதைவிடக் கஷ்டமானது. எங்கட பிள்ளையையே ஒரு நாள் சுவீகரிப்புக்கு அளக்க அனுப்பினால்? அதற்கு எங்களிடம் லேசான பதில் இல்லை. ஒன்று மட்டும் விளங்குது: சொந்த ஊருக்காகக் கோட்டை வளைக்கிற சர்வேயர் எங்களுக்கும் உதவமாட்டார். அவருடைய பிளான் கோட்டில் நிற்காது. எங்களுக்கு வேண்டியது நேர்மையாக அளக்கிற ஒருவர். பெரியவர்களிடம் தமிழில் கேட்டு, அவர்களோடு காணியை நடந்து பார்த்து, தூர்ந்த கிணற்றையும் பழைய அத்திவாரத்தையும் விடாமல் குறிக்கிற ஒருவர்.

ஆகவே இந்த முறை பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் தம்பி தங்கச்சிமாரே, பாடநெறிப் பட்டியலில் நில அளவை விஞ்ஞானத்தைத் தாண்டிப் போகாதேங்கோ. மற்ற நாங்கள் அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. வாற சனி ஞாயிறில் போனைத் தூக்கிக்கொண்டு வாப்பா, அப்பப்பாவோட வளவைச் சுற்றி நடப்பம். கிணறு எங்க, மரம் எங்க, பக்கத்துக் காணி யாருடையது என்று பதிவு செய்து வைப்பம். அளக்க வாற ஆள் எங்கட ஆளாக இருந்தாலும் வேற ஆளாக இருந்தாலும், காட்டுவதற்கு எங்களிடம் ஏதாவது இருக்க வேணும்.