கை மாறும்போது காரியம் கெடக்கூடாது!

கடற்கரையில் கண்டல் செடி நடுவதற்கும், ஏரிக்கரையில் வேலி போடுவதற்கும், மலைக்கிராமத்தில் புகையில்லா அடுப்பு வைப்பதற்கும் ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் பணம் கொடுக்குமா?

கொடுக்கிறது. 1992ஆம் ஆண்டு முதல் கொடுத்து வருகிறது. பெரிய அணைக்கும் பெரிய ஆலைக்கும் கொடுக்கும் பணத்தைப் பற்றித்தான் நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். கிராமத்து மாதர் சங்கத்துக்கும் மீனவர் சங்கத்துக்கும் நேராகப் போய்ச் சேருகிற பணத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அந்தப் பணம் கொடுக்கும் திட்டத்துக்குச் 'சிறு மானியத் திட்டம்' என்று பெயர்.

திட்டம் நல்லது. ஆனால் அதை நடத்துகிற கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கை மாறும்போது கிராமத்து ஜனங்கள் கஷ்டப்படக்கூடாது. அதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

'உலகச் சுற்றுச்சூழல் நிதி' என்று ஒரு பொது நிதி இருக்கிறது. 1991ஆம் ஆண்டில் உலக வங்கியில் சோதனையாக ஆரம்பித்தார்கள். 1994இல் அது தனி ஸ்தாபனமாயிற்று. 180க்கு மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். காடு, கடல், காற்று, மண் ஆகியவற்றைக் காப்பதே அதன் வேலை.

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பணக்கார நாடுகள் கூடி அந்த நிதியை நிரப்புகின்றன. 2022ஆம் ஆண்டில் 530 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தன. அதில் பெரும் பகுதி பெரிய திட்டங்களுக்குப் போகிறது. ஒரு சிறு பங்குதான் சிறு மானியத் திட்டத்துக்கு வருகிறது.

சிறு பங்கு என்று அலட்சியம் செய்துவிடக்கூடாது. 1992இல் பிரேஸில் நாட்டின் ரியோ நகரில் உலகத் தலைவர்கள் பூமியைக் காக்க மாநாடு கூடினார்கள். அதே ஆண்டில் இந்தத் திட்டம் பிறந்தது. முதலில் 33 நாடுகளில் நடந்தது. பிறகு 125க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. இதுவரை கொடுத்த மானியங்கள் 25,000க்கும் அதிகம். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுதான்.

ஒரு சங்கத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? நெடுங்காலமாக இருந்த உச்சவரம்பு 50,000 டாலர். நம் பணத்தில் 40 லட்ச ரூபாய்க்கு மேல். எல்லோருக்கும் அவ்வளவு கிடைப்பதில்லை. பெரும்பாலான சங்கங்களுக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. பணத்தை ஒரே தடவையில் கொடுத்துவிடுவதுமில்லை. தவணை தவணையாகக் கொடுப்பார்கள். முதல் தவணையில் செய்த வேலைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும். சங்கமும் தன் பங்கைப் போடவேண்டும். ரொக்கம் இல்லாதவர்கள் உழைப்பாகக் கொடுக்கலாம்.

யார் முடிவு செய்கிறார்கள்?

இந்தத் திட்டத்தின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. எந்தச் சங்கத்துக்குப் பணம் கொடுப்பது என்பதை வெளிநாட்டில் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. அந்தந்த நாட்டிலேயே ஒரு கமிட்டி இருக்கிறது. கமிட்டியில் அரசாங்கத்தின் பிரதிநிதியும் உண்டு. ஆனால் பெரும்பான்மையோர் அரசாங்கத்தைச் சேராதவர்கள். பேராசிரியர்கள், தொண்டர்கள், விஷயம் தெரிந்தவர்கள். அவர்கள் இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை.

கமிட்டிக்குத் துணையாக ஓர் அமைப்பாளர் இருப்பார். ஊர் ஊராகப் போய் ஜனங்களோடு பேசுவது அவர் வேலை. விண்ணப்பத்தை இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்பதில்லை. தாய்மொழியில் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் தங்கள் திட்டத்தைப் பேசிப் படமெடுத்து அனுப்புவதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

படிப்பில்லாதவன் என்று ஒதுக்காமல், அவனுக்கு அவன் காட்டையும் கடலையும் பற்றித் தெரியும் என்று ஒப்புக்கொள்கிற திட்டம் இது. இப்படிப்பட்ட திட்டங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரை

நம் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 1990களிலிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது. ஆறாவது கட்டத்தில் அங்கே மூன்று பிரதேசங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று நக்கிள்ஸ் மலைக்காடு. இன்னொன்று கொழும்பு நகரத்துச் சதுப்பு நிலங்கள். மூன்றாவது, மன்னார்த் தீவிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள கடற்கரை.

அந்தக் கடற்கரையில் தமிழ் பேசும் மீனவர்கள் வாழ்கிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பியவர்கள் பலர். அங்கே கண்டல் காடு இருக்கிறது. கடலடியில் புல்வெளி இருக்கிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடற்பசு இருக்கிறது. இந்தப் புல்லும் கண்டலும் போய்விட்டால் மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. மீன்குஞ்சு இல்லையென்றால் வலையில் என்ன விழும்? அடுப்பில் என்ன வேகும்? அக்கரையில் உள்ள கடலும் இராமநாதபுரத்துக் கடலும் ஒன்றுதானே!

கை மாறும் நேரம்

இனிமேல்தான் சிக்கல். இந்தத் திட்டத்தில் கை மாறுவது பல விதமாக நடக்கிறது.

முதலாவது, கட்டம் மாறுவது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நிதி புதுப்பிக்கப்படுகிறது என்று சொன்னோம் அல்லவா? அப்போதெல்லாம் விதிகள் மாறுகின்றன. பழைய கட்டம் முடிந்து புதிய கட்டத்துப் பணம் வருவதற்குள் இடைவெளி விழுந்துவிடலாம்.

இரண்டாவது, நிதி வரும் வழி மாறுவது. நெடுநாள் அனுபவம் பெற்ற நாடுகள் பொதுப் பையிலிருந்து வாங்காமல், தங்களுக்கு ஒதுக்கிய பங்கிலிருந்தே இந்தத் திட்டத்தை நடத்தவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஐந்தாவது கட்டத்தில் இந்தியா, கென்யா, மெக்ஸிகோ, பிரேஸில், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகள் இப்படி மாறின. ஆறாவது கட்டத்தில் இலங்கையும் மாறியது.

மூன்றாவது, நடத்தும் ஸ்தாபனம் மாறுவது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முதல் அகமதாபாத்திலுள்ள சுற்றுச்சூழல் கல்வி மையம் இதை நடத்தியது. ஏழாவது கட்டத்தில் பொறுப்பு தில்லியிலுள்ள டெரி நிறுவனத்துக்கு வந்தது. உலக அளவிலும் மாற்றம் உண்டு. முப்பது ஆண்டுகள் ஐ. நா. வளர்ச்சித் திட்டம் ஒன்றே இதற்குப் பொறுப்பாக இருந்தது. 2022இல் தொடங்கிய எட்டாவது கட்டத்தில் ஐ. நா. உணவு விவசாய ஸ்தாபனத்துக்கும், கன்ஸர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்புக்கும் பங்கு கொடுத்தார்கள்.

இந்த மாற்றங்கள் தப்பு என்று சொல்லமாட்டோம். ஒரே கையில் எத்தனை காலம் இருப்பது? புதியவர்கள் வந்தால் புதிய யோசனை வரும். வளர்ந்த நாடு தன் பங்கிலிருந்து செலவு செய்தால், சின்னத் தீவு நாட்டுக்குப் பொதுப் பையில் கொஞ்சம் மிச்சமாகும். அதுவும் நியாயந்தான்.

ஆனால் மேலே கையெழுத்து மாறும்போது கீழே என்ன ஆகிறது?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு மாதர் சங்கம் கண்டல் நாற்றங்கால் போடுகிறது. முதல் தவணை வந்தது. கணக்கு அனுப்பினார்கள். அதற்குள் நிர்வாகம் மாறிவிட்டது. தெரிந்த அமைப்பாளர் போய்விட்டார். புதியவர், 'உங்கள் காகிதம் எங்களிடம் இல்லையே!' என்கிறார். மறுபடி எழுதி அனுப்புகிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன.

கண்டல் விதை காத்திருக்குமா? மரத்திலிருந்து விழும் பருவத்தில் பொறுக்கவேண்டும். உடனே நடவேண்டும். நெல் விதையைப்போல் குதிரில் போட்டு வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் சொன்னது எல்லா விதைக்கும் பொருந்தும். பருவம் தவறினால் ஓர் ஆண்டு போயிற்று.

பணம் நஷ்டமானால் சம்பாதித்துக்கொள்ளலாம். நம்பிக்கை போனால்? 'இவர்களை நம்பி நாலு நாள் கூலியை விட்டோமே!' என்று சங்கத்துப் பெண்கள் நொந்துகொள்வார்கள். அடுத்த முறை நல்ல திட்டத்தோடு யார் வந்தாலும் கதவு திறக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்ற கதையாக முடியும்.

என்ன செய்யவேண்டும்?

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். குடும்பத்தில் மாமியார் மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது என்ன செய்வார்? எந்தப் பானையில் எது இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லித்தானே கொடுப்பார்? அதைத்தான் இங்கேயும் செய்யவேண்டும்.

ஒன்று: பழைய நிர்வாகமும் புதிய நிர்வாகமும் சில மாதங்கள் சேர்ந்து வேலை செய்யவேண்டும். புதியவரைப் பழையவர் ஊருக்கு அழைத்துப் போய், 'இனி இவரைக் கேளுங்கள்' என்று நேரில் சொல்லவேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கணக்குத் தாள் வேண்டும். கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எந்த ரிப்போர்ட் வரவேண்டும் என்று அதில் இருக்கவேண்டும். அதன் நகலைச் சங்கத்தின் மொழியிலேயே சங்கத்தின் கையில் கொடுக்கவேண்டும்.

மூன்று: ஒப்பந்தப்படி வேலை செய்தவர்களின் தவணையைப் பட்டுவாடா செய்த பிறகே பொறுப்பு மாறவேண்டும். முடியாவிட்டால், பழைய ஒப்பந்தம் புதிய நிர்வாகத்தையும் கட்டுப்படுத்தும் என்று எழுத்தில் இருக்கவேண்டும்.

நான்கு: கமிட்டியில் எல்லோரையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. பாதிப் பேராவது பழைய சமாசாரம் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும்.

ஐந்து: மானியத்தில் வாங்கிய படகு, பம்பு, கொட்டகை யாருக்குச் சொந்தம் என்று முன்னதாகவே எழுதி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஊரில் சண்டை வரும்.

சிறு தொகைக்கு இவ்வளவு காகிதமா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கேள்வியிலும் உண்மை உண்டு. சின்ன மானியத்துக்கும் பெரிய மானியத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மேற்பார்வை வேண்டியிருக்கிறது. அதனால் செலவு ஏறுகிறது. ஆகவேதான் காகிதம் எளிதாக இருக்கவேண்டும் என்கிறோம். ஐந்து பக்க ரிப்போர்ட்டை விட ஒரு பக்கக் கணக்கும் நாலு போட்டோவும் உண்மையை நன்றாகச் சொல்லும்.

நம் பொறுப்பு

நிர்வாகிகளுக்கு மட்டும் புத்தி சொல்லி நிறுத்திவிட முடியாது. சங்கத்தாருக்கும் கடமை உண்டு. சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும். வரவு செலவை ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதவேண்டும். வந்த கடிதத்தை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கவேண்டும். எழுதத் தெரிந்த ஒருவர் மட்டும் கணக்கை வைத்துக்கொள்ளாமல், மாதம் ஒரு முறை எல்லோருக்கும் படித்துக் காட்டவேண்டும். இப்போதுதான் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி அந்த நோட்டைப் படித்துக் காட்டினால் அதைவிடச் சிறப்பு வேறு என்ன?

கணக்கு சுத்தமாக இருந்தால் நிர்வாகம் எத்தனை முறை மாறினாலும் பயமில்லை. மானியம் நின்ற பிறகும் பாங்கியில் போய்க் கடன் கேட்கலாம். சர்க்கார் திட்டத்துக்கு மனுப் போடலாம். மானியம் என்பது ஊன்றுகோல். அது இருக்கும்போதே நடக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

உலக நாடுகள் சேர்ந்து கிராமத்து ஜனங்களை நம்பிப் பணம் கொடுக்கின்றன. அந்த நம்பிக்கையை ஜனங்கள் பல இடங்களில் காப்பாற்றியிருக்கிறார்கள். நிர்வாகம் கை மாறும்போது ஒரு சங்கத்தின் ஒரு தவணைகூடத் தவறக்கூடாது. ஒரு பருவத்து விதைகூட வீணாகக்கூடாது. பொறுப்பை ஒப்படைப்பவர்களும் ஏற்றுக்கொள்பவர்களும் இதை மனத்தில் வைத்து நடக்கவேண்டும்.